ஐந்நூறு ரூபாயும் ஒரு கோடரியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ரமலானின் கடைசிப் பத்தில், லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில், வசதியுள்ள ஒரு வீட்டின் வாசலில் நீண்ட வரிசை ஒன்றைக் கண்டோம். ஜகாத் வாங்க வந்த பெண்களின் வரிசை அது. உச்சி வெயில், நோன்பு வேறு. வரிசையின் நடுவில் நின்றிருந்த ஒரு சகோதரி நம்மைக் கண்டதும் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய மூத்த மகன் நம்மிடம் குர்ஆன் ஓதும் மாணவன். கணவர் இறந்து இத்தா முடிந்த ஆண்டில்தான் அவர் முதன்முதலாக அந்த வரிசையில் நின்றார். அப்போது அந்தப் பையனுக்கு அலிஃப் பே தெரியாது. இப்போது அவன் பதினைந்தாவது ஜுஸ்உவில் இருக்கிறான். தாய் இன்னும் அதே வரிசையில் இருக்கிறார். அன்று அவர் கையில் விழுந்தது ஐந்நூறு ரூபாய்.

நாம் கேட்க விரும்பும் கேள்வி எளியது. இத்தனை ஆண்டுகளில் மகன் பாதிக் குர்ஆனைக் கடந்துவிட்டான். நம் ஜகாத் அந்தத் தாயை ஓர் அடியேனும் நகர்த்தியிருக்கிறதா? நகர்த்தவில்லை என்றால் பிழை அவரிடமா, கொடுக்கும் நம்மிடமா?

பிழை நம்மிடம்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். வரிசையில் நிற்பவர்களின் வருத்தத்தைவிட அது பெரிதன்று.

வாசலில் வைத்துக் கொடுப்பது

ஜகாத்தை இவ்வாறு சில்லறையாக்கிப் பலருக்கும் தூவுவது மார்க்கம் கற்றுத் தந்த வழக்கமன்று. நாமாக ஏற்படுத்திக் கொண்டது. கூட்டம் பெரிதாக இருந்தால் கொடுப்பவரின் பெயரும் பெரிதாகிறது. அதன் விலையை ஏழைகள் சில நேரங்களில் உயிராலேயே செலுத்தியிருக்கிறார்கள். 2008 ரமலானில் இந்தோனேசியாவின் பாசுருவான் நகரில் ஒரு செல்வந்தர் வீட்டு வாசலில் ஜகாத் வாங்க முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி 21 பெண்கள் இறந்தார்கள். 2015 ரமலானில் வங்கதேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்கச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டு இறந்தார்கள். 2023 ரமலானில் ஏமனின் ஸனா நகரில் உதவித் தொகைக்காகக் கூடியவர்களில் 70-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். தொலைவில் நடந்தவை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே 2023 பிப்ரவரியில் நம் தமிழகத்தின் வாணியம்பாடியில், தைப்பூசத்திற்காக ஒருவர் வழங்கவிருந்த இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் நான்கு மூதாட்டிகள் உயிரிழந்தார்கள். கொடுத்தவர் எந்தச் சமயத்தவராக இருந்தால் என்ன? வாசலில் வரிசை நிறுத்திக் கொடுக்கும் பெருமை எல்லாச் சமூகத்திலும் ஒரே விதமாகத்தான் முடிகிறது.

நம் ஊரில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உயிர் போனால்தான் இழப்பா? மானம் போவது இழப்பில்லையா? குர்ஆன் ஓதும் மகனின் ஆசிரியர் பார்த்துவிட்டாரே என்று முகத்தை மறைத்துக்கொண்ட அந்தத் தாயின் நெஞ்சில் என்ன நடந்திருக்கும்?

நபிகளார் என்ன செய்தார்கள்?

அனஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்றை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அன்சாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று அண்ணலார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு மரக்கிண்ணமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டு வரச் செய்து, தோழர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். கூடுதலாகத் தருபவர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்டபின் மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்தார். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு வாங்கிக் கொடுக்கவும், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரவும் பணித்தார்கள். வாங்கி வந்த கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தித் தந்தார்கள். போய் விறகு வெட்டி விற்பீராக, பதினைந்து நாள் உம்மை நான் பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

இதன் அறிவிப்பாளர் தொடரில் ஒருவரைக் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. கருத்தில் ஐயமில்லை, கயிற்றை எடுத்துச் சென்று விறகுக் கட்டு சுமந்து விற்பது பிறரிடம் கையேந்துவதைவிடச் சிறந்தது என்ற பொருளில் அண்ணலார் கூறியது ஸஹீஹ் புகாரியிலேயே உள்ளது.

நாம் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் உழைக்காதவனைக் கண்டிக்கும் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 'பார், பிச்சை கேட்டவனை நபிகளார் விறகு வெட்ட அனுப்பினார்கள்' என்று ஏழையை நோக்கி விரல் நீட்டுகிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால் அது கொடுப்பவனுக்குச் சொல்லப்பட்ட பாடம் என்பது விளங்கும். முதலில் விசாரித்தார்கள்: உம்மிடம் என்ன இருக்கிறது? அடுத்து, இருக்கும் பொருளுக்கு நல்ல விலை கிடைக்கத் தாமே முன்நின்றார்கள். மூன்றாவதாக, வீட்டாரின் பசியைத் தீர்க்க முதல் திர்ஹத்தை ஒதுக்கினார்கள். பசித்த குடும்பத்தை வைத்துக்கொண்டு எவனும் தொழில் தொடங்க முடியாது. நான்காவதாகக் கருவி, அதையும் பயன்படுத்தத்தக்க நிலையில் காம்பு பூட்டியே தந்தார்கள். ஐந்தாவது, அந்த ஊரில் விலைபோகும் வேலையைக் காட்டினார்கள். ஆறாவது, தவணை குறித்தார்கள். தவணை முடிந்ததும் கணக்குக் கேட்டார்கள்.

இந்த ஆறில் நம் வாசல் வரிசையில் எது இருக்கிறது? ஒன்றுகூட இல்லை.

தையல் மெஷின் விழாக்கள்

'நாங்கள் பணமாகக் கொடுப்பதை விட்டுவிட்டோம். தையல் மெஷின் கொடுக்கிறோம்' என்று சொல்லும் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்களின் நிய்யத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆயினும் உண்மையைப் பேசியாக வேண்டும். மேடை, பேனர், பத்து மெஷின்கள், பத்துப் பெண்கள், புகைப்படம். மறுநாளிலிருந்து அந்த மெஷின்களைப் பற்றிக் கேட்பார் இல்லை. நாம் சென்று பார்த்த வீடுகளில் ஒன்றில் மெஷின்மேல் மடித்த துணிகள் அடுக்கப்பட்டிருந்தன. இன்னொரு வீட்டில் மெஷினே இல்லை. மகளின் பிரசவச் செலவுக்கு விற்றுவிட்டதாக அந்தத் தாய் தலைகுனிந்து சொன்னார். அவரைக் குறை கூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தைக்கத் தெரியாதவருக்கு மெஷின் வெறும் இரும்பு. இரும்பை விற்றார்.

அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டமே தையல் பயின்றதற்கான சான்றிதழைக் கேட்கிறது. ஒரு அரசு அலுவலகத்துக்குத் தோன்றிய முன்யோசனை, அமானிதத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நமக்குத் தோன்றவில்லை.

தைக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. நம் நத்தம் ஆயத்தச் சட்டைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சட்டை தைக்கும் சிறு தொழிற்கூடங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே ஓடுவது பவர் மெஷின். ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பாக்கெட், ஒருவர் காஜா என வேலை பிரிந்திருக்கிறது. கூலி பீஸ் கணக்கு. வேகமும் ஒரே சீரான தையலும் இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. நாம் கொடுப்பதோ கால் மெஷின். கற்றுக் கொடுப்பதாக இருந்தால் ரவிக்கையும் பாவாடையும். சட்டைக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு, நம் ஏழைப் பெண்களுக்குச் சட்டைக் காலர் தைக்கக் கற்றுத் தராமல், ஏற்கெனவே தெருவுக்கு நான்கு பேர் செய்யும் ரவிக்கை வேலைக்கு ஐந்தாவது ஆளாக அனுப்புகிறோம். அண்ணலார் விறகு தேவைப்பட்ட ஊரில் கோடரி கொடுத்தார்கள்.

தையல் ஒன்றுதான் தொழில் என்பதும் இல்லை. மாங்காயும் புளியும் விளையும் வட்டாரம் இது. புளி உடைக்கும் கூலிக்கு நம் பெண்கள் போகிறார்கள். உடைத்த புளியைச் சுத்தம் செய்து, எடைபோட்டுப் பொட்டலமாக்கி விற்கும் இலாபம் வேறொருவருக்குப் போகிறது. மாங்காய் மலிந்து கிடக்கும் மாதங்களில் ஊறுகாயும் வற்றலும் போட்டு ஆண்டு முழுவதும் விற்கலாம். கைப்பக்குவம் நம் வீடுகளில் இருக்கிறது. உணவுப் பொருள் விற்க வேண்டிய பதிவு, சுத்தம், பொட்டலம், கணக்கு ஆகியவற்றைச் சொல்லித் தர ஆளில்லை. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு உணவோடு இலவசமாகவே இத்தகைய பயிற்சிகளை அளிக்கின்றன. நம் மாவட்டத்துச் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமம் 1947-இலிருந்து கிராமத்துப் பெண்களுக்குக் கைத்தொழிலும் கல்வியும் கொடுத்து வருகிறது. நம் ஜும்ஆ அறிவிப்புகளில் இவை பற்றி ஒரு வரியேனும் கேட்டிருக்கிறோமா?

நம்மை நாமே கேட்க வேண்டியது

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் நாமும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். ரமலான் வந்தால் ஜகாத் பயான் செய்கிறோம். நிஸாப் எவ்வளவு, நகைக்கு உண்டா, நூற்றுக்கு இரண்டரை எப்படிக் கணக்கிடுவது என்பதையெல்லாம் விளக்குகிறோம். யாருக்கு, எவ்வாறு, எந்த அளவுக்குக் கொடுத்தால் ஓர் ஏழை ஏழ்மையை விட்டு வெளியேறுவார் என்பதைச் சொல்வதில்லை. பயானின் முடிவில், ஏழை மாணவர்கள் பயிலும் மதரஸாவை மறந்துவிடாதீர்கள் என்று ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறோம். மதரஸாவின் தேவை உண்மையானதே. ஆனால் மாணவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் தாயை வரிசையில் நிற்க விட்டால் அந்தச் சோறு அவன் தொண்டையில் எப்படி இறங்கும்? இதை எழுதுவதால் நம் மதரஸாவுக்கு வரும் ஜகாத்தில் ஒரு பகுதி குறையக் கூடும். குறையட்டும்.

ஆட்சேபணைகளும் விடைகளும்

முதல் ஆட்சேபணை: ஜகாத் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிட மார்க்கத்தில் இடமுண்டா?

நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். ஜகாத் நிறைவேற வேண்டுமானால் அது தகுதியுள்ளவருக்கு உடைமையாக்கப்பட வேண்டும் என்பது நம் மத்ஹபின் நிபந்தனை. எனவே பயிற்சிக் கூடத்தின் வாடகை, ஆசிரியரின் சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றை ஜகாத்திலிருந்து நேரடியாகக் கொடுக்க இயலாது. அவற்றுக்கு ஸதகாவும் வக்ஃபு வருமானமும் இருக்கின்றன. ஆனால் பயில வரும் ஏழைப் பெண்ணின் கையில் ஜகாத்தைக் கொடுத்து, அவரே கட்டணத்தைக் கட்டினால் தடையேதும் இல்லை. மெஷினை அவருக்கே சொந்தமாகக் கொடுத்துவிட்டாலும் நிறைவேறும். தொழில் கருவி அடிப்படைத் தேவையில் சேரும் என்பதால், மெஷின் வைத்திருப்பதாலேயே அவர் ஜகாத் பெறும் தகுதியை இழப்பதும் இல்லை. ஒருவருக்கே நிஸாபின் அளவு கொடுப்பது வெறுக்கத்தக்கது என்று நம் நூல்களில் இருப்பதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். கடனாளிக்கும், பங்கிட்டால் தலைக்கு நிஸாபைவிடக் குறையும்படி குடும்பம் உள்ளவருக்கும் அது பொருந்தாது என்று அதே நூல்கள் தொடர்ந்து சொல்வதையும் அவர்கள் படிக்க வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில் இது இன்னும் தெளிவு. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'அல்மஜ்மூஉ' நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும், விலை குறைவாயினும் கூடுதலாயினும் சரியே என்ற கருத்தை விளக்குகிறார்கள். கீரை விற்பவருக்குச் சில திர்ஹம்கள் போதும், மணிகள் விற்பவருக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படும் என உதாரணமும் தருகிறார்கள். கொடுத்தால் தேவையற்றவராக ஆக்கிவிடுங்கள் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் கூறியதை அபூஉபைத் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் அம்வால்' பதிவு செய்திருக்கிறது. ஐந்நூறு ரூபாய் யாரைத் தேவையற்றவராக ஆக்கியது?

இரண்டாவது ஆட்சேபணை: பெண்களைத் தொழிலுக்கு அனுப்புவது நம் ஒழுக்கத்திற்கு ஏற்றதா?

இப்படிக் கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம். வெயிலில் அந்நியர் வாசலில் வரிசை நிற்பது ஒழுக்கத்திற்கு ஏற்றதாக இருந்ததா? அப்போது ஏன் வாய் திறக்கவில்லை? நம் பெண்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2006-இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை, உழைக்கும் முஸ்லிம் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் தம் வீட்டுக்குள்ளேயே இருந்து வேலை செய்கிறார்கள் என்கிறது. எல்லாச் சமூகங்களையும் சேர்த்தால் அது 51 சதவீதம். அதாவது அவர்கள் ஹிஜாபையும் வீட்டையும் விட்டுவிடாமலே உழைக்கிறார்கள், இடைத்தரகர் சொல்லும் கூலிக்கு. அந்தக் கூலி நியாயமானதாக ஆக, திறமையும் கூட்டு முயற்சியும் வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

முஃமின்களின் அன்னையர் யார் என்பதையும் நினைவுகூர்வோம். கதீஜா (ரலி) அவர்கள் வணிகர். ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தார்கள். கொடைக்கு நீண்ட கரம் அவர்களுடையதே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அன்னையர் செய்ததைவிட உயர்ந்த ஒழுக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறதா?

மூன்றாவது ஆட்சேபணை: ஏழைகள் முதலில் பசியாற வேண்டாமா? பயிற்சி முடியும்வரை யார் காத்திருப்பது?

இது நியாயமான கேள்வி. பயிற்சி வகுப்புகள் தோற்றுப்போவதும் இங்கேதான். புளி உடைத்தால் அன்று மாலை கூலி வரும். வகுப்புக்குப் போனால் மூன்று மாதம் கழித்து ஏதோ வரலாம். எந்தத் தாய் வகுப்புக்குப் போவாள்? பத்து நாள் வந்துவிட்டு நின்றுவிட்டாள், அக்கறை இல்லை என்று பழிக்கிறோம். ஆகவேதான் முதல் திர்ஹம் உணவுக்கு. பயிலும் மாதங்களுக்கு அவர் இழக்கும் கூலியை ஜகாத்திலிருந்து மாதந்தோறும் அவர் கையில் கொடுக்க வேண்டும். இதில் மத்ஹபு வேறுபாடு எதுவும் இல்லை. ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுக்கும் சாதாரண ஜகாத் இது. ரமலானிலேயே முழுவதையும் தீர்த்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்டு நிறைவதற்கு முன்பே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுக்க அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள். வரவிருக்கும் ஆண்டின் ஜகாத்தை மாதாமாதம் முன்கூட்டியே கொடுத்துவர வழி இருக்கிறது.

சோமாலியாவிலிருந்து ஒரு பாடம்

2011 ஜூலையில் சோமாலியாவின் தென்பகுதியில் பஞ்சம் என ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 2010 இறுதியிலிருந்து 2012 தொடக்கம் வரை அங்கே மடிந்தவர்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அப்போது தேவைப்பட்டது உணவுதான். பசியால் சாகும் பிள்ளையிடம் தொழிற்கல்வி பேசுவது கொடுமை. ஆனால் கென்யாவின் ததாப் அகதி முகாம் 1991-இல் தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகள் முப்பது வயதைக் கடந்து, தாங்களும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். ரேஷன் அட்டை மட்டும் தலைமுறை மாறிக் கொண்டிருந்தால் அதை உதவி என்று எத்தனை காலம் அழைப்பது? இன்று சோமாலியக் குடும்பங்களிடையே பணியாற்றும் பலர் தையல், சிறு வணிகம், கைபேசி பழுதுநீக்கம் என்று தொழிற்பயிற்சியை வலியுறுத்துவது இதனால்தான். நிலத்தையும் வீட்டையும் இழந்தவர் எல்லை தாண்டும்போது கூடவே வருவது கைத்தொழில் ஒன்றுதான்.

அந்தச் சோமாலியப் பெண்களிடம் நாம் கற்க இன்னொன்றும் உண்டு. 'ஹக்பாத்' என்றும் 'அயூதோ' என்றும் அவர்கள் அழைக்கும் ஏற்பாட்டில், பத்துப் பெண்கள் மாதம் ஒரே தொகையைப் போடுவார்கள். மொத்தத்தையும் முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். தள்ளுபடி இல்லை, வட்டி இல்லை. நம் பாட்டிமார்கள் நடத்திய குலுக்கல் சீட்டுதான் அது. இன்று நம் தெருக்களில் நடப்பது வேறு. குழுக்கடன் வாங்கிய வீட்டு வாசலில் வாரத் தவணைக்கு ஆள் வந்து உட்காருகிறார். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். அந்தப் பெண்ணுக்கு வட்டியில்லாத பத்தாயிரம் ரூபாய் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால் அமைத்து வட்டியில்லாக் கடன் அளித்து வருகிறார்கள். கடலோரத்து ஜமாஅத்துகளால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

செய்ய வேண்டியது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மஹல்லாவில் நாற்பது வீடுகள் தலைக்கு ஐயாயிரம் ரூபாய் ஜகாத் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டு லட்சம். ஐந்நூறாகப் பிரித்தால் நானூறு பேர் வாங்குவார்கள். பெருநாள் முடிந்த வாரத்தில் நானூறு பேரும் பழைய நிலையில் இருப்பார்கள். இருபத்தையாயிரமாகப் பிரித்தால் எட்டுக் குடும்பங்களுக்கு, பயிலும் மாதங்களின் வீட்டுச் செலவில் ஒரு பகுதியும் கருவிக்கு ஒரு பகுதியும் கிடைக்கும். எட்டில் ஐந்து நிமிர்ந்தாலும், அடுத்த ரமலானில் வரிசையில் ஐந்து பேர் குறைவார்கள்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் முதலில் தன் மஹல்லாவில் உள்ள விதவைகள், கைவிடப்பட்டவர்கள், கடனாளிகள், நோயுற்ற ஆண்களின் குடும்பங்கள் ஆகியோரின் பட்டியலை எடுக்கட்டும். அதை எடுக்க ஆண்கள் வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆலிமா படித்த பெண்களும் ஆசிரியைகளும் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் போகட்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன், உங்கள் கைக்கு என்ன தெரியும் என்று கேட்கட்டும். சட்டைத் தொழில் நடத்தும் நம் சகோதரர்கள், ஓய்வாகக் கிடக்கும் இரண்டு பவர் மெஷின்களைப் பெண்களுக்கென ஒதுக்கி, காலரும் காஜாவும் கற்றுக் கொடுத்து, பயின்றவருக்கு வீட்டிலேயே வேலை தந்து, முறையான கூலியும் கொடுக்கட்டும். அது அவர்களுடைய ஸதகா. பயிற்சி முடிந்தவருக்கு மெஷினை அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்போம். மேடையும் பேனரும் புகைப்படமும் வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நற்செய்தி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்று, நூல் இருக்கிறதா, வேலை வருகிறதா, கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்போம்.

அரசின் உதவியையும் விட்டுவிட வேண்டாம். 2007 முதல் மாவட்டந்தோறும் ஆட்சியரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உதவுவதே அதன் நோக்கம். சமூகம் திரட்டித் தரும் நன்கொடைக்கு நிகராக அரசு மானியம் வழங்கும் ஏற்பாடு இது. முதலில் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது. பின்னர் ஒன்றுக்கு இரண்டாக உயர்த்தப்பட்டது. நாம் ஒரு ரூபாய் ஸதகா கொடுத்தால் இரண்டு ரூபாய் சேரும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி நம் செல்வந்தர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கல்யாண மண்டபத்து அலங்கார விளக்குகளுக்கு ஒரே இரவில் நாம் செலவழிப்பதை அங்கே கொடுத்திருந்தால், எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்?

முதியவர், நோயாளி, மாற்றுத்திறனாளி, பிள்ளைப்பேறு கண்டவர் ஆகியோருக்குத் தொழில் கற்றுக்கொள் என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கு ஜகாத் மாதந்தோறும், வீடு தேடி, மரியாதையோடு போய்ச் சேர வேண்டும். உழைக்க இயலாதவரை உழைக்கச் சொல்வதும், உழைக்க இயன்றவரை வரிசையில் நிறுத்துவதும் ஒரே அநீதியின் இரு பக்கங்கள்.

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார். அவரோ பரக்கத்துக்கு துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். நம் சகோதரிகளும் கடைவீதிக்கு வழி கேட்கத் தயாராகவே இருக்கிறார்கள். வழியை மறித்துக்கொண்டு ஐந்நூறு ரூபாயோடு நிற்பவர்கள் நாம்.

உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில், ஆப்பிரிக்கப் பகுதிக்கு ஜகாத் வசூலிக்கச் சென்ற அதிகாரி அதைப் பெற ஏழைகள் கிடைக்காமல், அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வளவு பெரிய கனவை நாம் காண வேண்டாம். இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் அந்த மாணவனின் தாய் வரிசையில் இல்லாமல் இருந்தால் போதும். அவர் தம் வீட்டில் மெஷின் முன் அமர்ந்து பெருநாள் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொண்டிருக்கட்டும். அவன் முப்பதாவது ஜுஸ்உவை முடிக்கும் நாளில், இனிப்பு வாங்கித் தரும் காசு அவர் உழைப்பில் வந்ததாக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! கொடுப்பவர்களின் பெருமையிலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்கள் ஏழைகளின் மானத்தை எங்கள் கைகளால் போக்கிவிடாதிருப்பாயாக. உன் அடியார்களுக்குக் கோடரியும், அதற்கு ஒரு காம்பும், அதைப் பொருத்தித் தரும் மனமும் எங்களுக்கு அருள்வாயாக. ஆமீன்.

அல்லாஹ் நன்கறிந்தவன். வஸ்ஸலாம்.